நாற்பது நாக்கு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. இதை முதல் வரியிலேயே சொல்லாவிட்டால் நீ மீதிக் கடிதத்தைப் படிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாய். பன்னிரண்டு நாள் படுத்தேன். எனக்கே என்னைப் பிடித்துப்போகும் அளவுக்கு இளைத்திருக்கிறேன். உன் காது எப்படி? வாங்கிய மெஷினை எப்போதும் மாட்டிக்கொள்கிறாயா, பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும்போது மட்டும்தானா? போனில் நான் கத்தினால் துறையில் நிற்கிற படகெல்லாம் கிளம்பிவிடுகிறது. அதனால் இந்தக் கடிதம்.

நான் படுத்த பன்னிரண்டு நாளும் படகுத்துறைச் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பூட்டு. என்ன நடந்தது தெரியுமா? இக்கரைப் படகுக்காரர்கள் இக்கரையிலும் அக்கரைக்காரர்கள் அக்கரையிலும் தனித்தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் காயலின் நடுவில் இரண்டு படகும் மூக்கோடு மூக்கு நின்றுவிட்டன. "நீ ஒதுங்கு", "ஏன், நீ ஒதுங்கேன்" என்று முக்கால் மணி நேரம். ஒரு படகில் மாப்பிள்ளை, கல்யாணத்துக்குப் போகிறான். பெண் அடுத்த கரையில் நின்று கையை ஆட்டுகிறாள். நான் எழுந்து உலை வைத்த அன்று மத்தியானம் அதே இரண்டு ஓட்டுநர்களும் என் மேசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, "மீன் தலையை இங்க தள்ளுய்யா, நீயே முழுங்காத" என்றார்கள். சண்டை தீர்ந்தது.

கொட்டகையில் இருப்பது ஒரே மேசை என்று உனக்குத் தெரியும். பழைய படகுப் பலகையில் செய்தது, நாற்பது பேர் உட்காரலாம். யார் பக்கத்தில் இடமோ அங்கேதான் உட்கார வேண்டும். நீதிமன்றக் குமாஸ்தா பக்கத்தில் மீன் விற்கிற அம்மா. பதினோரு வருடம் முன்பு என்னை வைத்ததற்குக் காரணம் என் கைமணம் இல்லை. நான் இரண்டு கரையிலும் சேராதவன், மேட்டு ஊர்க்காரன் என்பதுதான்.

ஜூன் முதல் ஞாயிறு துறைச் சாப்பாடு. வழக்கம்போல இரண்டு கரைச் சங்கமும் வந்து சாப்பிட்டு, நான் இருக்கலாம் என்றால் தண்ணீர் டம்ளரைக் கவிழ்ப்பார்கள், வேண்டாம் என்றால் நிமிர்த்தி வைப்பார்கள். நிமிர்ந்தது பாதிக்கு மேல் போனால் நான் பெட்டி கட்ட வேண்டியதுதான். இதுவரை ஒன்றுகூட நிமிர்ந்ததில்லை.

கோடை சீக்கிரமே வந்துவிட்டது. நீர் வற்றும்போது கரையெல்லாம் கறுப்புச் சேறு. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பழகிவிட்டது போல.

ஒரு சின்ன உதவி. நம் வீட்டுச் சமையலுக்கெல்லாம் அளவு எழுதி அனுப்பு. உப்பு இத்தனை ஸ்பூன், புளி இத்தனை என்று. எதற்கென்று கேட்காதே. ஒழுங்குமுறைக்காக.

உன் தம்பி


பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம், காது சுமார், பக்கத்து வீட்டில் சண்டை ஓய்ந்துவிட்டதால் மெஷின் பெட்டிக்குள் தூங்குகிறது.

அளவா? நம் வீட்டிலா? அடுப்பைத் தாண்டி நடந்துபோகும்போதே "புளி தூக்கலா இருக்கே" என்று மூக்கால் சொல்கிறவன் நீ. உனக்கு ஸ்பூன் எதற்கு? சரி, கேட்டாய் என்று கையால் அள்ளியதைத் திரும்ப ஸ்பூனால் அளந்து பார்த்தேன். அக்கம்பக்கத்தில் பார்த்தவர்கள் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு செய்திருப்பார்கள். பத்துப் பேர் குழம்புக்கு உப்பு மூன்றரை ஸ்பூன். உன் நாற்பது பேருக்கு நீயே பெருக்கிக்கொள். மற்ற அளவெல்லாம் தனித்தாளில்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். படகு இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறான், சேறு இருக்கிறது. என்ன சமைத்தாய், எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. முன்பெல்லாம் நாலு பக்கம் எழுதினால் மூன்று பக்கம் குழம்புதான் கொதிக்கும். நானும் எதற்கென்று கேட்கவில்லை.

பஸ் டிரைவரிடம் ஒரு பாட்டில் ஊறுகாய் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எப்படி என்று எழுது.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

ஊறுகாய் வந்தது. அடடா! மூடியைத் திறந்தேனோ இல்லையோ, தெருவே மணந்தது. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டேன். மேசையில் வைத்த பாட்டில் சாயங்காலத்துக்குள் காலி. இதைவிடவா ஒரு நற்சான்று வேண்டும்?

உன் அளவுப்படிதான் சமையல் ஓடுகிறது. பதினான்கு ஸ்பூன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் ஒரு குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் முன்பைவிட அதிகம் புகழ்கிறார்கள். அக்கரை ஓட்டுநர், "மீசை" என்று எழுதுவேனே, அவர் சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்காத ஆள். இப்போது தினமும் "பிரமாதம்ப்பா" என்கிறார்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. டிக்கெட் கொடுக்கிற அம்மா இருக்கிறாரே, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். பத்து நாளாகத் தினமும் காலையில் என் சமையலறைக்கு வருகிறார். "இன்னிக்கு ஏற்றம் பத்து மணிக்கு" என்று ஒரு சீட்டை வைக்கிறார். காயலில் நீர் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, நான் என்ன படகா ஓட்டுகிறேன்? பிறகு காய் நறுக்குகிற வெங்காயத்தோடு மூலையில் குசுகுசு. (அவர் அசல் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எதற்கெடுத்தாலும் அழுவார், அதனால் வெங்காயம்.) கொட்டகையைப் பிடிக்கத் திட்டம் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நான் யார், பதினோரு வருடம் பழம் தின்று கொட்டை போட்டவன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டோம்.

அந்த ஊறுகாயில் நான் உப்பே போடவில்லை. இரண்டு கரண்டி வேப்பெண்ணெய் ஊற்றினேன். தெருவே மணந்தது என்று எழுதியிருக்கிறாய். தெரு உனக்கு என்ன பாவம் செய்தது?

உண்மையை எழுது.

அக்கா

பி.கு. அதைச் சாயங்காலத்துக்குள் காலி செய்தது யார்? அவர்களுக்கு என்ன நோய்?


ஏப்ரல் 12 (அஞ்சலட்டை)

நாலு வாரமாகப் பதில் இல்லை. எனக்குக் காதுதான் மந்தம், வீம்பு இல்லை. கேலி செய்ததற்கு மன்னித்துக்கொள். ஒரு வரியாவது எழுது. அக்கா.


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். உடம்பில் இரண்டு உறுப்பு மட்டும் நலம் இல்லை.

காய்ச்சல் விட்ட அன்று காபி குடித்தேன். வெந்நீர். பாலைக் குடித்தேன். வெந்நீர். குளியலறை வெந்நீரையும் குடித்துப் பார்த்தேன், மூன்றும் ஒன்றுதான். மூக்கும் நாக்கும் ஒரே நாளில் சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பில் போய்விட்டன. டாக்டர் சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு, "சிலருக்கு வந்துரும், சிலருக்கு லேட்டாகும், சிலருக்கு..." என்று நிறுத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த மூன்றாவது "சிலருக்கு"வில்தான் நான் மூன்று மாதமாகக் குடியிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? ஓட்டுநருக்குக் கண் போனால் படகைக் கொடுப்பார்களா? குழம்பு கொதிக்கும் சத்தத்தைக் கேட்டு இறக்குகிறேன். வெங்காயத்தை நிறம் பார்த்து வதக்குகிறேன். பருப்பு வெந்ததா என்று விரலால் நசுக்குகிறேன். உப்புக்கு உன் பதினான்கு ஸ்பூன். தினமும் மத்தியானம் மேசை நிறையும்போது கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், யாராவது முகம் சுளிக்கிறார்களா என்று. "பிரமாதம்" என்பார்கள். நாற்பது பேரை ஏமாற்றுகிறோமே என்று கரண்டியைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

நான் போனால் எனக்கு வேறு பிழைப்பு கிடைக்கும். ஆனால் அடுத்த சமையல்காரர் ஏதாவது ஒரு கரைக்காரராகத்தான் இருப்பார். மறு கரை உட்காராது. பிறகு அந்த மேசை என்னாகும் என்று யோசித்தால் சோறு இறங்குவதில்லை. இறங்கினாலும் என்ன ருசி தெரியப்போகிறது, அது வேறு விஷயம்.

நம் குடும்பத்தைப் பார். உனக்குக் காது, எனக்கு நாக்கு. ஆளுக்கொன்றாகக் கடையைச் சாத்துகிறோம்.

உன் தம்பி


ஏப்ரல் 30

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவள். ஊறுகாய்ப் பொட்டலத்தின் மேல் உங்கள் முகவரி இருந்தது. அதைக் கிழித்து வைத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும். ஊறுகாயைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் தம்பிக்கு ருசி தெரிவதில்லை. இது மேசை முழுவதற்கும் தெரியும். தெரியும் என்பது அவருக்குத்தான் தெரியாது.

காய்ச்சல் முடிந்து முதல் நாள் சமைத்த குழம்பில் உப்பே இல்லை. அவர் கரண்டியோடு நின்று, "எப்படி?" என்றார். கன்னமெல்லாம் ஒட்டிப்போன முகம். மீசை விழுங்கிவிட்டு, "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க" என்றார். அதன் பிறகு யாருக்கு வாய் வரும்? சாயங்காலம் இரண்டு கரைக்காரரும் டிக்கெட் அறையில் கூடினோம். "அவரு போயிட்டா உங்க ஆளா, எங்க ஆளா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். மீசை சொன்னார்: "யாரும் போக வேணாம். அவருக்கு ஒரு நாக்கு போனா என்ன? நம்மகிட்ட நாப்பது நாக்கு இருக்குல்ல?"

அப்புறம் உங்கள் அளவு வந்தது. உங்கள் ஊரில் நல்ல தண்ணீர் போலிருக்கிறது. எங்கள் கிணற்றில் கோடையில் பாதி உப்பைக் கிணறே போட்டுவிடும். காயலில் நீர் ஏறினால் இன்னும் கூடும். இங்கே சமைக்கிறவர்கள் முதலில் தண்ணீரைத்தான் ருசி பார்ப்பார்கள். உங்கள் தம்பியும் அப்படித்தான் செய்வார், நாக்கு இருந்தபோது. இப்போது எண்ணி எண்ணிப் பதினான்கு போடுகிறார். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு மீசை காயலையே குடித்துவிடுவார் போல ஓடினார்.

ஆகவே மூன்று ஸ்பூன் செய்துவைத்தோம். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், குழி மட்டும் வேறு. நான் காலையில் ஏற்ற நேரம் பார்த்துச் சீட்டை வைப்பேன். நீர் ஏறும் நாளில் வெங்காயம் சின்ன ஸ்பூனை உப்பு ஜாடியில் போட்டுவிடுவார். மாற்றும்போதெல்லாம் அழுகிறார், ஆனால் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், துறைச் சாப்பாட்டன்று சமையல்காரரைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது, வெங்காயம்கூட. அன்று முழு ஏற்றம். வெளியூர்ச் சங்கத்துக்காரர்கள் பத்துப் பேர் புதிதாக உட்காருகிறார்கள், அவர்களுக்கு எங்கள் நடிப்பு வராது. நீங்கள் சொன்னால் கேட்பார். உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி எழுதுங்கள். எங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

ஊறுகாயை மீசை படகின் அடியில் பூசிவிட்டார். அன்று முதல் அந்தப் படகைப் புழு அரிக்கவில்லை என்கிறார்.

இப்படிக்கு,
டிக்கெட் கொடுப்பவள்


மே 7

அன்புள்ள டிக்கெட் தங்கைக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் காது மெஷினை மாட்டிக்கொண்டேன், யாரோ பக்கத்தில் பேசுவது போல இருந்தது. பேச்சு இல்லை, என் விசும்பல்தான்.

எழுதுகிறேன். காட்டிக்கொடுக்க மாட்டேன். கண்ணாடி உன் தலையில்தான் இருக்கிறது, தேடாதே. மீசைக்கு இன்னொரு பாட்டில் வேண்டுமென்றால் சொல்லு.

அக்கா


மே 9

தம்பிக்கு,

சுகமே. நீயும் சாப்பிடு, ருசி தெரியாவிட்டாலும் பசி தெரியும் அல்லவா?

துறைச் சாப்பாட்டன்று குழம்புக்கு உப்பைப் பாதியாகப் போடு. ஏழு ஸ்பூன். எதற்கென்று கேட்காதே. ஒழுங்குமுறைக்காக.

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஏழு ஸ்பூன் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

துறைச் சாப்பாட்டுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. அன்றைக்கு மட்டும் சமைத்துவிட்டு, டம்ளரை எண்ணும் முன் பின்வாசல் வழியாக உன் ஊருக்குப் பஸ் ஏறிவிடலாமா என்று இருக்கிறது. நிமிர்ந்த டம்ளரைப் பார்க்கத் தைரியம் இல்லை. கவிழ்ந்த டம்ளரைப் பார்க்கவும் இல்லை. நேற்று மீசை, "உங்க கைய விட்டா இந்தத் துறையில வேற கை கிடையாது" என்றார். அக்கா, அந்தக் கை ஸ்பூனை எண்ணுகிற கை.

பெட்டியில் பாதி அடுக்கிவிட்டேன். மீதி இடத்தில் உன் கைக்குட்டை ஒன்று கிடந்தது, எடுத்து முகர்ந்தேன். துணி.

உன் தம்பி


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், மேசை நலம், ஊர் நலம். நீ மட்டும் நலமாக இருக்கக் கூடாது என்று சாபம் விடலாமா என்று பார்க்கிறேன். நீயும் கூட்டுக் களவாணிதானே!

நடந்ததைக் கேள். ஞாயிறு விடியும்போதே ஏழு ஸ்பூன் எண்ணிப் போட்டேன். எனக்குத் தெரியாத சங்கதி, வெங்காயம் அன்று உள்ளே வர முடியாதே என்று பயந்து, டிக்கெட் அம்மா உனக்கு எழுதியது தெரியாமல், முதல் நாளே ஜாடியில் சின்ன ஸ்பூனைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நீ பாதி, அவர் பாதி. கிணறும் அந்தப் பாதியின் பாதிக்கு ஈடு கொடுக்கவில்லை. குழம்பு சப்பென்று ஆகிவிட்டது.

நாற்பது பேர் மேசையில் ஐம்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சாப்பிட்டார்கள். புதிதாக வந்த பத்துப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரே குரலில் "பிரமாதம்" என்றார்கள். மீசை இரண்டாம் முறை கேட்டார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். மருந்து விழுங்குகிற குழந்தை முகம், அதற்கு மேல் அந்தப் பெரிய மீசை. எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது.

"பொய் சொல்லாதீங்க" என்றேன். "எனக்கு நாக்கு செத்து நாலு மாசமாச்சு. மூக்கும் இல்ல. உங்கள ஏமாத்திக்கிட்டு இருக்கேன். டம்ளர நிமித்தி வைங்க, நான் கிளம்பறேன்."

அப்புறம் ஒரு விசும்பல். வெங்காயம் எழுந்துவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே மூன்று ஸ்பூனை மேசையில் வரிசையாக வைத்தார். நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன். டிக்கெட் அம்மா, "ஏற்றத்துக்கு அது, வற்றத்துக்கு இது" என்றார், தரையைப் பார்த்தபடி. அந்தச் சீட்டெல்லாம் எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேனாம்!

மீசை மேசையைத் தட்டினார். "எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சுபோச்சில்ல? அப்ப இனிமே நிஜத்தைச் சொல்லலாமா?"

"சொல்லுங்க" என்றேன்.

"உப்பே இல்லய்யா!"

அக்கா, நாலு மாதத்தில் என் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். அதோடு மடை திறந்துவிட்டது. "போன வெள்ளிக்கிழமை பருப்பு அடிப்பிடிச்சிருந்துச்சு!" "மார்ச்சு மாசம் ஒரு கீரை, அப்பப்பா!" "அந்த ஊறுகா!" நாலு மாதக் குறையை நாற்பது பேரும் ஒரே மூச்சில் கொட்டினார்கள். புதிதாக வந்த பத்துப் பேரும் கூடச் சேர்ந்து திட்டினார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று வெங்காயத்தைத்தான் கேட்க வேண்டும், அவர் நிபுணர். உப்பு ஜாடி இக்கரைக் கையிலிருந்து அக்கரைக் கைக்கும், அங்கிருந்து இங்குமாக மேசை நெடுகப் போய்வந்தது. ஆளாளுக்குப் போட்டுக்கொண்டு, சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள்.

டம்ளரெல்லாம் கவிழ்ந்தது. ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது. அது நான் வைத்தது. டிக்கெட் அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அதை உற்றுப் பார்த்து, டக்கென்று கவிழ்த்துவிட்டுப் போனார்.

இப்போது ஒழுங்குமுறை இதுதான்: தினமும் காலையில் ஒருவர் வந்து ருசி பார்ப்பார். ஒரு நாள் இக்கரை, ஒரு நாள் அக்கரை. வாய்க்கு வந்தபடி திட்டலாம். நேற்று மீசையின் முறை. அவர் திட்டியதை எழுதினால் தபால்காரர் கடிதத்தைக் கொடுக்கமாட்டார். பெட்டியைப் பிரித்து அடுக்கிவிட்டேன்.

உன் தம்பி


ஆகஸ்ட் 2 (அஞ்சலட்டை)

அக்கா, நீ நலமா, காது நலமா, எல்லாம் அப்புறம். இன்று காலை கொட்டகைக் கதவைத் திறந்தேன். வெளியே நீர் வற்றிக் கிடந்தது. சட்டென்று கையால் மூக்கைப் பொத்தினேன். பொத்திய பிறகுதான் பொத்தியது தெரிந்தது. கையை எடுத்தேன். திரும்பவும் வந்தது. டிக்கெட் அறைக்கு ஓடி, "நாறுதா?" என்றேன். "இது என்ன கேள்வி, குடலைப் பிடுங்குது" என்றார் அந்த அம்மா.

எனக்கும், அக்கா. எனக்கும்.